தாழ்வாரத்துக் கறுப்புக் குவளை: சிங்கப்பூரின் கொசுக் கண்காணிப்புச் சேவைக்கு ஒரு குடியிருப்பாளரின் மதிப்பீடு

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கறுப்புக் குவளையை ஒருமுறையேனும் கடந்து போயிருப்பார்கள். தாழ்வாரத்தின் ஓரத்தில், செடித் தொட்டிகளுக்குப் பக்கத்திலோ படிக்கட்டின் மறைவிலோ, சிறு பூந்தொட்டியின் அளவில், வாய் திறந்தபடி அது உட்கார்ந்திருக்கும். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் யாரோ புகைபிடிப்பவர் சாம்பல் தட்டுவதற்காக வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலை, சீருடை அணிந்த ஊழியர் ஒருவர் அதன் முன் குந்தி உட்கார்ந்து, உள்ளே ஒட்டியிருந்த தாளை உருவி, விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கைப்பேசியில் எதையோ பதிவு செய்துகொண்டிருந்தபோதுதான், அது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கொசுப்பொறி என்பது தெரிந்தது.

குளிரூட்டி பழுதுபார்ப்பவருக்கும் குழாய் சரிசெய்பவருக்கும் மதிப்பெண் கொடுத்து எழுதுகிற நாம், இந்தச் சேவையைப் பற்றி எழுதுவதே இல்லை. நம் பெயருக்கு விலைச்சீட்டு வராததும், வேலை ஒழுங்காக நடந்தால் கண்ணுக்குத் தெரியும் பலன் எதுவும் இல்லாததும் அதற்குக் காரணங்களாக இருக்கலாம். எனினும் இது வரிப்பணத்தில் நடக்கும் சேவை. ஏறத்தாழ ஆறாண்டுகளாக இதன் பயனாளியாக இருந்து வருபவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன்.

முதலில் பொறியைப் பற்றி. கிராவிட்ராப் என்பது இதன் பெயர். சூல்கொண்ட பெண் கொசுவை இழுக்கும் பொறி என்பது அப்பெயரின் பொருள். வாரியத்தின் சுற்றுப்புறச் சுகாதாரக் கழகம் இதை உருவாக்கியது. 2017ஆம் ஆண்டில் தீவு முழுவதும் பரவலாக வைக்கத் தொடங்கி, இப்போது சுமார் 70,000 பொறிகள் இருக்கின்றன. இதில் மின்சாரமும் இல்லை, நஞ்சும் இல்லை. கறுப்பு நிற உருளை, அதன் அடியில் வைக்கோல் ஊறிய நீர், உட்சுவரைச் சுற்றி ஒட்டும் பசைத்தாள், நீருக்கு மேலே ஒரு வலை, அவ்வளவுதான். முட்டையிட இருளும் ஈரமும் தேடி அலையும், டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, மக்கிய வைக்கோலின் வாடையால் ஈர்க்கப்பட்டு உள்ளே இறங்கிப் பசையில் சிக்கிக்கொள்கிறது. சிக்குவதற்கு முன் முட்டையிட்டுவிட்டாலும், அதிலிருந்து வளரும் கொசு வெளியேற முடியாதபடி வலை தடுத்துவிடுகிறது. பொறியே கொசு வளரும் இடமாகிவிடாதா என்று அண்டை வீட்டார் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். இந்த வலைதான் அவர்களுக்கான பதில்.

இதன் அருமை கொசுவைக் கொல்வதில் இல்லை. புளோக்குக்கு ஒரு சில கொசுக்களைப் பிடிப்பதால் யாருக்கும் காய்ச்சல் குறைந்துவிடப் போவதில்லை. அது எண்ணிக்கை தருகிறது என்பதுதான் முக்கியம். சிக்குபவை பெரும்பாலும் முட்டையிட வந்த பெண் கொசுக்கள். அதாவது, முன்பே ஒரு முறையேனும் மனித இரத்தம் குடித்திருக்கக்கூடியவை, நோயைச் சுமந்து திரியக்கூடியவை. எந்த வட்டாரத்தில், எந்தப் புளோக்கில், எத்தனையாவது மாடியில் அவை பெருகுகின்றன என்பது தொடர்ந்து தெரிந்தால், ஊழியர்களை எங்கே அனுப்ப வேண்டும் என்பதை ஊகத்தின் பேரில் முடிவு செய்ய வேண்டியதில்லை. வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடும் பழைய முறை, எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்று சொல்லும். எத்தனை கொசுக்கள் பறந்துகொண்டிருக்கின்றன என்று அதனால் சொல்ல முடியாது. இருபது காசு நாணயத்தின் அளவுக்கு நீர் தேங்கினாலே ஏடிஸ் முட்டையிட்டுவிடும் என்கிறபோது, பூட்டிய வீடுகளும், எட்டாத கூரை வடிகால்களும், கட்டுமானத் தளங்களும் நிறைந்த ஊரில் ஒவ்வொரு நீர்த்துளியையும் தேடிப் பிடிப்பது யாராலும் ஆகாத காரியம்.

நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்தே கொசு இருக்குமிடத்தைக் கண்டுபிடித்துவிடலாமே, இதற்கென்று தனியாக ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்வியை நான் குடியிருப்பாளர் கூட்டங்களிலேயே கேட்டிருக்கிறேன். நாட்கணக்கைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். டெங்கி நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் வைரஸ் பெருகி எச்சிலை அடைய ஒரு வாரத்துக்கும் மேல் ஆகிறது. அதன் பிறகு அது கடிக்கும் மனிதருக்குக் காய்ச்சல் வர நான்கிலிருந்து பத்து நாட்கள் ஆகின்றன. அவர் முதல் இரண்டு நாள் பாராசிட்டமாலை விழுங்கிப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போய், இரத்தப் பரிசோதனை செய்து, செய்தி அதிகாரிகளை எட்டுவதற்குள் அந்தக் கொசுவின் அடுத்த தலைமுறையும் பறக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே, நோயாளியை எண்ணத் தொடங்குவது என்பது தீ அணைந்த இடத்தில் சாம்பலை அளப்பதைப் போன்றது.

இந்தப் பாடத்தைச் சிங்கப்பூர் ஒருமுறை விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1960களில் இங்கே இரத்தக்கசிவு டெங்கி குழந்தைகளைக் கொன்ற முக்கிய நோய்களுள் ஒன்றாக இருந்தது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கு 1968இல் சட்டமே இயற்றப்பட்டது. வீடுகளில் கொசுப்புழு தேடுவதும், மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும், கேளாதவர்களுக்கு அபராதம் விதிப்பதும் ஒன்றாக நடந்ததன் பயனாக, 1970களில் கொசு வளரும் வீடுகளின் விகிதம் சுமார் 2 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் டெங்கி அடங்கிக் கிடந்தது. 1982இல் மலேரியா ஒழிந்த நாடு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. அதன் பிறகு, கொசு விகிதம் ஏறாத நிலையிலேயே, டெங்கி மெல்லத் திரும்பி வந்தது. 2005இல் 14,000 பேருக்கும் மேல் பாதிக்கப்பட்டார்கள்.

ஏன் திரும்பியது? முப்பத்தைந்து ஆண்டுக் கொசு ஒழிப்பு வரலாற்றை அலசி 2006இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று சில காரணங்களைச் சொன்னது. நோயே இல்லாமல் வளர்ந்த தலைமுறைக்கு எதிர்ப்பாற்றல் இல்லாமல் போனது; வீட்டுக்கு வெளியே, பள்ளிகளிலும் வேலையிடங்களிலும் தொற்று பரவியது; பெரியவர்களிடம் நோய் வெளிப்படையாகத் தெரியத் தொடங்கியது. இவற்றோடு மற்றொன்றையும் அது சேர்த்தது: கொசுவைக் கண்காணிப்பதிலிருந்து நோயாளியை விரைந்து கண்டுபிடிப்பதற்கு முக்கியத்துவம் இடம் மாறியதும் ஒரு காரணம். நோய் குறைந்தபோது கண்காணிப்பின் தேவையும் குறைந்துவிட்டதாகத் தோன்றியிருக்கிறது. காய்ச்சல் குறைவாக இருக்கும் ஆண்டில்தான் கொசுவை எண்ணும் செலவை வெட்ட மனம் வருகிறது. அந்த ஆண்டில்தான் அதை வெட்டக் கூடாது. இந்தச் சேவையை நான் மதிப்பிடும் அளவுகோலும் அதுதான். ஓயாத அலைபோல் தொற்று வரும்போது எல்லோரும் சுறுசுறுப்பாக இருப்பார்கள். ஒன்றும் இல்லாத மாதத்தில் அந்த ஊழியர் வந்து பசைத்தாளை மாற்றுகிறாரா என்பதையே நான் பார்க்கிறேன். எங்கள் மாடியில் இதுவரை மாற்றுகிறார்.

யார் செலவு செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொறிகளும் வாரியத்தின் ஆய்வுகளும் அரசாங்கத்தின் பணத்தில் நடக்கின்றன. அடுக்குமாடிகளின் பொது இடங்களில் நடக்கும் மருந்தடிப்பும் வடிகால் பராமரிப்பும் நகர மன்றங்களின் பொறுப்பு. மாதந்தோறும் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலிருந்து அந்தச் செலவு போகிறது. கட்டுமானத் தளங்களில் குத்தகையாளரே பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அமர்த்திக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. புழு கண்டுபிடிக்கப்பட்டால் குறைந்தது 200 வெள்ளி அபராதம். இப்படிச் செலவு பலர் கையில் பிரிந்திருந்தாலும், கொசு எங்கே இருக்கிறது என்ற செய்தி மட்டும் ஒரே இடத்தில் சேர்கிறது. இந்த ஏற்பாட்டை நான் பாராட்டுகிறேன். மருந்து அடிப்பவரிடமே அளக்கும் வேலையையும் கொடுத்துவிட்டால், தன் வேலை சரியாக நடந்ததாகத்தான் அவர் அளவு காட்டும். அளப்பவர் வேறு, அடிப்பவர் வேறு என்றிருப்பதே நல்ல கணக்குமுறை.

வீட்டுச் சோதனையைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்ததற்கும் பட்டறிந்ததற்கும் வேறுபாடு உண்டு. கதவைத் தட்டியதும் பதற்றம்தான் வந்தது. வந்த பெண் அதிகாரி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, கைவிளக்கோடு கால்மணி நேரம் வீட்டைச் சுற்றினார். பூந்தொட்டித் தட்டுகள், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், பாத்திரம் வடிய வைக்கும் தட்டு, விருந்தினர் கழிப்பறை ஆகியவற்றைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன், பார்த்தார். சன்னலுக்கு வெளியே, துணி உலர்த்தும் மூங்கில் கழிகளைச் செருகும் குழாய்களை எட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. கழி செருகாத நேரத்தில் அவற்றுக்கு மூடி போட வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கடைசியாகப் பூசையறைக்கு வெளியே நின்று, கும்பச் செம்பில் எத்தனை நாளைய நீர் இருக்கிறது என்று கேட்டார். தைப்பூசத்துக்கு வைத்தது என்று என் தாயார் சொன்னபோது மாசி பிறந்திருந்தது. அதிகாரி உள்ளே நுழையவில்லை, தொடவும் இல்லை; வாரத்தில் இரண்டு முறை நீரை மாற்றினால் போதும், முட்டையிலிருந்து கொசு பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்று விளக்கினார். செம்பின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதையும் சொன்னார். ஏனெனில் ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரே இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அன்று முதல் என் தாயார் செவ்வாயும் வெள்ளியும் செம்பைப் புளி போட்டுத் துலக்குகிறார்கள்.

எச்சரிக்கைப் பதாகைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த கருத்து இல்லை. 14 நாட்களுக்குள் 150 மீட்டர் தொலைவுக்குள் இரண்டு பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ நோய் கண்டால் அது தொற்றுக் குழுமம் என்று அறிவிக்கப்படுகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் மஞ்சள், பத்தோ அதற்கு மேலோ என்றால் சிவப்பு. இவை இரண்டும் மக்களுக்குப் பழக்கமாகிவிட்டன. ஊதா நிறப் பதாகையோ வேறு வகை. நோய் வருவதற்கு முன்பே, ஏடிஸ் கொசு அதிகமாக இருக்கிறது என்று பொறிகள் சொல்லும் வட்டாரத்தில் அது தொங்கவிடப்படுகிறது. இத்தனை செலவு செய்து சேகரித்த செய்தியின் சாரம் முழுவதும் அந்த ஊதாத் துணியில்தான் இருக்கிறது. ஆனால் என் புளோக்கில் நான் கேட்டுப் பார்த்தவர்களில் பலர் ஊதா என்றால் அபாயம் நீங்கிவிட்டது என்று புரிந்துகொண்டிருந்தார்கள். சிவப்பைக் கண்டு அஞ்சப் பழகிய கண்ணுக்கு ஊதாவில் அவசரம் எதுவும் தெரிவதில்லை. இணையத்திலுள்ள வரைபடமும் கைப்பேசிச் செயலியும் நன்றாகவே இருக்கின்றன. அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் போதும். ஆயினும், நம் புளோக்கில் சென்ற மாதத்தைவிட இந்த மாதம் கூடியதா குறைந்ததா என்பதை எளிய எண்ணாகக் கீழ்த்தள அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டலாம். தன் மாடிக்கு எதிர்மாடியைவிடக் கொசு கூடுதல் என்று தெரிந்தால், எவ்வளவு சோம்பேறியும் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்துவிடுவான்.

இனி, இந்தச் சேவைக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதத்துக்கு வருகிறேன். பொறிகள் வந்தது 2017இல். டெங்கியின் வரலாற்று உச்சமோ 2020இல் வந்தது. அந்த ஆண்டு 35,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 2022இல் மறுபடியும் 32,000ஐத் தாண்டியது. பத்தாயிரக்கணக்கில் பொறி வைத்தும் இந்த நிலை என்றால் பணம் வீணானதா? நான் அப்படி நினைக்கவில்லை, ஆனால் கேள்வியை ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன். டெங்கி வைரஸில் நான்கு வகைகள் இருக்கின்றன. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்டகால எதிர்ப்பாற்றல் கிடைக்கும். நெடுநாள் தலைகாட்டாத வகை ஒன்று மேலெழும்போது, ஊரே புதிதாக நோய்க்கு ஆளாகும் நிலையில் இருக்கும். 2020லும் 2022லும் அவ்வாறே மூன்றாம் வகை பரவியது. அதோடு 2020இல் கொவிட் காரணமாக மக்கள் வீட்டிலேயே அடைந்து கிடந்தார்கள். பகலில் கடிக்கும் கொசுவுக்கு அது விருந்து. பொறி இவற்றைத் தடுக்காது. எடைபார்க்கும் இயந்திரம் உடல் எடையைக் குறைக்காததைப் போல, கொசுவை எண்ணுவது கொசுவைக் குறைக்காது. எண்ணியதை வைத்து யார், எவ்வளவு விரைவாக, என்ன செய்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. கொசுவோடு வைரஸின் வகையையும் இங்குள்ள ஆய்வகம் தொடர்ந்து கண்காணிப்பது அதனால்தான் முக்கியம்.

கண்காணிப்பின் உண்மையான பயன் வொல்பாக்கியா திட்டத்தில் தெரிகிறது. இயற்கையாகவே பல பூச்சிகளின் உடலில் இருக்கும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும்படி வளர்த்த ஏடிஸ் ஆண் கொசுக்களை வெளியே விடுகிறார்கள். அந்த ஆணோடு சேரும் பெண் கொசு இடும் முட்டைகள் பொரிக்காது. ஆண் கொசு கடிப்பதும் இல்லை. 2016இல் பிரேடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் ஆகிய இடங்களில் சிறிய அளவில் தொடங்கிய இந்த முயற்சிக்கு, 2019இல் அங் மோ கியோவில் வாரத்துக்கு ஐம்பது லட்சம் ஆண் கொசுக்கள் வரை வளர்க்கக்கூடிய ஆலை திறக்கப்பட்டது. விட்ட இடங்களில் ஏடிஸ் எண்ணிக்கை 80 முதல் 90 விழுக்காடு குறைந்ததாகவும், ஓராண்டாவது இத்திட்டத்தின் கீழிருந்த வட்டாரங்களில் வசிப்போருக்கு டெங்கி வரும் வாய்ப்பு சுமார் 75 விழுக்காடு குறைந்ததாகவும் வாரியம் அறிவித்திருக்கிறது. இந்த 80, 90 எல்லாம் எங்கிருந்து வந்தன? என் தாழ்வாரத்தில் சாம்பல் கிண்ணம் என்று நான் எண்ணிய குவளையைப் போன்றவற்றிலிருந்துதான். பொறி இல்லையென்றால், இலட்சக்கணக்கில் கொசுவை விட்டுவிட்டு, குறைந்ததா கூடியதா என்று கைபிசைந்து நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் பெண் கொசுக்களையும் சேர்த்து விட்டார்கள். பாக்டீரியா தலைமுறை தலைமுறையாகத் தானே பரவி, கொசு இருந்தும் வைரஸ் பரவாத நிலையை உண்டாக்கியது. அங்கே டெங்கி 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் ஆய்வு வெளியானது. ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் மீண்டும் மீண்டும் கொசு விட வேண்டாம் என்பதால் செலவும் குறைவு. சிங்கப்பூர் முறையில் ஆண் கொசுவை நிறுத்தினால் பழைய கொசு திரும்ப வந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் பணம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொசு இருக்கட்டும், நோய் வேண்டாம் என்று சொன்னால் இங்குள்ளவர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது உண்மைதான். அரை நூற்றாண்டாகக் கொசுவே கூடாது என்று சொல்லி வளர்த்த மக்களிடம், கடிக்கும் கொசுவைப் பறக்க விடுவது அரசியலாகவும் கடினம். எனினும், இது செலவு மிகுந்த தேர்வு என்பதை ஒப்புக்கொண்டே அதைச் செய்ய வேண்டும்.

புதிதாகக் குடிவருவோருக்குச் சில குறிப்புகள். வண்ணம் பூசும்போதோ பொருள் இறக்கும்போதோ பொறியை நகர்த்தாதீர்கள். நகர்த்த நேர்ந்தால் அதே இடத்தில் திரும்ப வையுங்கள், நீரைக் கொட்டாதீர்கள். எங்கள் மாடியில் ஒருவர் நல்லெண்ணத்தோடு அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததால் ஒரு வாரத்துக் கணக்கு போயிற்று. இரவில் காதருகே ரீங்கரிக்கும் கொசுவைக் காட்டி இந்தச் சேவை பயனில்லை என்று சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் கியூலெக்ஸ் இனம், இந்தப் பொறி அதைப் பிடிப்பதற்கானது அன்று. கால்களில் வெள்ளை வரிகளோடு பகலில் கணுக்காலைத் தேடி வருவதுதான் நம் விஷயம். லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை; உள்ளூரில் பரவிய முதல் சிக்குன்குன்யா 2008 ஜனவரியில் அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரங்கள் கொடுக்கிறேன். பொறிக்கும், அதைத் தவறாமல் பார்க்க வரும் ஊழியர்களுக்கும், கும்பச் செம்பைத் தொடாமல் பேசிய அதிகாரிக்கும் முழு மதிப்பெண். ஒன்றைப் பிடித்துவைத்தது ஊதாப் பதாகைக்காக. எங்கள் புளோக்கின் கணக்கைக் கீழ்த்தளப் பலகையில் ஒட்டும் நாளில் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.